வார் தண்டரில் அடுத்து எந்த வண்டி வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய அப்டேட் நெருங்கினாலே நம் ஆட்களிடம் ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். அந்த லீக் லிஸ்ட் (அடுத்து வரும் வண்டிகள் என்று இணையத்தில் கசியும் பட்டியல்) உண்மையா, இந்த டேங்க் வருமா, நம் ஊர் அர்ஜுன் டேங்க் எப்போது, காசு கொடுத்து வாங்கும் பிரீமியம் வண்டியை இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். புதிதாக வந்தவர்கள் மேலிருந்து படியுங்கள். பழைய ஆட்கள் நேராக லீக் லிஸ்டுக்குத்தான் போவீர்கள், தெரியும்.

எனக்கு இந்த கேம் பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

வார் தண்டர் என்பது விமானம், டேங்க், ஹெலிகாப்டர், போர்க்கப்பல் எல்லாவற்றையும் ஓட்டிச் சண்டை போடும் ஆன்லைன் கேம். இலவசம். உருவாக்கியது கைஜின் என்டர்டெயின்மென்ட். 2002இல் மாஸ்கோவில் தொடங்கிய நிறுவனம். இப்போது தலைமையகம் ஹங்கேரியின் புடாபெஸ்ட். 2012 நவம்பர் 1 அன்று ஓப்பன் பீட்டா திறந்தபோது விமானங்கள் மட்டுமே இருந்தன. டேங்குகள் 2014இல் வந்தன, ஹெலிகாப்டர்கள் 2018இல். நிறுவனத்தின் சின்னம் ஒரு நத்தை. அதனால் ஆடுகிறவர்கள் கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் கைஜினை "நத்தை" என்றுதான் சொல்வார்கள். இந்தப் பக்கத்திலும் அப்படித்தான் வரும்.

அமெரிக்கா, ஜெர்மனி, சோவியத், பிரிட்டன், ஜப்பான், சீனா, இத்தாலி, பிரான்ஸ், ஸ்வீடன், இஸ்ரேல் எனப் பத்து நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு டெக் ட்ரீ: கீழே பழைய வண்டிகள், மேலே போகப் போக இன்று ராணுவங்கள் வைத்திருப்பவை. ஒவ்வொரு வண்டிக்கும் பேட்டில் ரேட்டிங் என்று ஒரு எண் உண்டு. சுருக்கமாக பி.ஆர். உங்கள் வண்டி 8.0 என்றால் எதிரே 7.0 முதல் 9.0 வரை யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

ஒரு புது வண்டிக்காக ஏன் இவ்வளவு பரபரப்பு?

அது யாருக்கோ வரும் புது வண்டியாக மட்டும் இருப்பதில்லை என்பதால்தான். நீங்கள் மாதக்கணக்கில் கிரைண்ட் செய்து, அதாவது ஆட்டம் ஆட்டமாக ஆடிப் புள்ளி சேர்த்து, எடுத்த டேங்கின் நிலைமை, எதிர் நாட்டுக்கு வரும் ஒரே ஒரு விமானத்தால் மாறிவிடும். இன்னொரு காரணமும் உண்டு: இந்த கேமை ஆடுகிறவர்களில் பெரும்பங்கு ராணுவ வண்டிப் பைத்தியங்கள். எந்த டேங்கின் எந்த மாடலில் எந்த ஆண்டு எந்த தெர்மல் கேமரா பொருத்தினார்கள் என்று இரவு முழுக்கப் பேசக்கூடியவர்கள். அவர்களுக்கு அப்டேட்டைவிட அப்டேட்டுக்கு முந்தைய மூன்று வாரங்கள்தான் திருவிழா.

அடுத்து என்ன வரும் என்பது எங்கிருந்தெல்லாம் தெரியவருகிறது? எதை எவ்வளவு நம்பலாம்?

முழுதாக நம்பக்கூடியது டெவ் பிளாக் ஒன்றுதான். நத்தையே தன் தளத்தில் படத்தோடு ஒரு வண்டியை அறிவித்துவிட்டால் அது வருகிறது. அநேகமாக அந்த அப்டேட்டிலேயே வரும்.

அடுத்த படி டெவ் சர்வர். அப்டேட்டுக்குச் சில நாட்கள் முன்னால் சோதனைக்காகத் திறந்துவிடும் தனி சர்வர் அது. யார் வேண்டுமானாலும் இறக்கி ஆடலாம். அங்கே சம்பாதிப்பது எதுவும் உங்கள் உண்மையான கணக்குக்கு வராது. அங்கே இருக்கும் வண்டி வரும் என்பது கிட்டத்தட்ட உறுதி. ஆனால் அதன் பி.ஆர்., குண்டுகள், ஏவுகணைகள் எல்லாம் அங்கே இருப்பது போலவே இருக்கும் என்று எண்ணவேண்டாம். டெவ் சர்வரில் ஒரு விமானத்தைப் பார்த்து "கேமே முடிந்தது" என்று வீடியோ போட்டவர்கள், அப்டேட் வந்த நாளில் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்ததைப் பலமுறை பார்த்தாயிற்று.

அதற்கும் கீழே டேட்டாமைன். அதற்கும் கீழே லீக் லிஸ்ட். எல்லாவற்றுக்கும் கீழே, டீசர் வீடியோவின் ஒரு நொடிக் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கி, பின்னணியில் தெரியும் நிழலின் வால் இறக்கையை அளக்கும் ஆராய்ச்சி. கடைசியில் சொன்னதைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். சுவாரஸ்யத்தில் அதுதான் முதலிடம், சில நேரம் சரியாகவும் இருக்கும்.

டேட்டாமைன் என்றால்? அதில் பெயர் வந்துவிட்டால் உறுதிதானே?

ஒவ்வொரு சிறிய அப்டேட்டிலும் கேமின் கோப்புகள் மாறும். அவற்றைப் பிரித்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் டேட்டாமைன். நாட்டின் சுருக்கம், பிறகு வண்டியின் மாடல் பெயர் என்று கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இருப்பதால், புதிதாக ஒரு வரி நுழைந்தால் கண்டுபிடிப்பது சுலபம்.

உறுதியா என்றால், இல்லை. பெயர் இருக்கிறது என்றால் யாரோ ஒருவர் அதற்கான வேலையைத் தொடங்கியிருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். அடுத்த அப்டேட்டா, ஒரு வருடம் கழித்தா, எந்த நாட்டுக்கு, ட்ரீயிலா, ஈவண்ட் பரிசாகவா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்காது. டேட்டாமைன் செய்பவர்கள் பெரும்பாலும் இதைத் தெளிவாகச் சொல்லித்தான் பகிர்கிறார்கள். அதைப் படித்து யூடியூப் தலைப்பு வைப்பவர்கள்தான் "உறுதி" என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள்.

லீக் லிஸ்டுகளை நம்பலாமா? போன தடவை அந்த ஆள் சொன்னது அப்படியே வந்ததே?

போன தடவை அவர் எத்தனை வண்டிகளைச் சொன்னார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? நாற்பது பெயர் கொண்ட லிஸ்டில் பத்துப் பெயர் பலித்தால், அந்தப் பத்தை மட்டும் வட்டமிட்டுப் படம் போடுவார்கள். மீதி முப்பதும் "அடுத்த அப்டேட்டுக்குத் தள்ளிப்போனது" ஆகிவிடும். தள்ளிப்போனது என்று சொன்னால் எந்தக் கணிப்பும் தோற்காது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் பாதிக்கு மேல்.

இதற்கென்று நான் பார்க்கும் ஒரே ஒரு விஷயம், லிஸ்டில் எதிர்பாராத பெயர் இருக்கிறதா என்பது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற ஜெட் வரும் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் யாரும் கேட்காத, பெயர்கூடத் தெரியாத ஒரு கவச வண்டியை, அதுவும் சரியான நாட்டோடும் சரியான வகையோடும் ஒருவர் முன்கூட்டியே எழுதி அது வந்துவிட்டால், அவருக்கு உள்ளே ஏதோ தகவல் கிடைக்கிறது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட லீக்கர்கள் உண்டு, ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் ஒருவர் லிஸ்டை இன்னொருவர் எடுத்து இரண்டு பெயர் சேர்த்து விடுவதுதான். "மூன்று பேர் தனித்தனியாகச் சொல்கிறார்கள்" என்பதை ஆதாரமாக எடுக்கும்முன் அந்த மூவரும் ஒரே ஊற்றில் தண்ணீர் பிடித்தவர்களா என்று பாருங்கள்.

இந்த லீக் எதையும் பார்க்காமலே கணிக்க முடியுமா?

முடியும். என் அனுபவத்தில் லீக் லிஸ்டுகளைவிட அதுவே நம்பகமானது. நத்தைக்கு எது தேவை என்று யோசிக்கவேண்டும். நமக்கு எது வேண்டும் என்று யோசித்தால் கணிப்பு கெட்டது.

முதலில் பள்ளத்தைத் தேடுங்கள். ஒரு நாட்டிடம் இருக்கிறது, மற்றவர்களிடம் அதற்குப் பதில் இல்லை என்றால் அங்கே ஒரு வண்டி வந்தே தீரும். எப்போது என்பதுதான் கேள்வி. நல்ல உதாரணம் பான்ட்சிர்-எஸ்1. 2021இல் ரஷ்யப் பக்கம் இந்த வான்பாதுகாப்பு வண்டி வந்தது. தூரத்திலேயே விமானங்களைப் பிடித்து அடிக்கும்; இதற்கு ஈடாக மற்ற நாடுகளிடம் எதுவும் இருக்கவில்லை. ஏனென்றால் மேற்கு நாடுகளின் நெடுந்தூர ஏவுகணை அமைப்புகள் ஒரே வண்டியில் அடங்குவதில்லை. ரேடார் ஒரு லாரியில், ஏவுகணை இன்னொரு லாரியில் இருக்கும். ஒருவருக்கு ஒரு வண்டி என்ற கேமின் அமைப்புக்குள் இது பொருந்தவில்லை. ஆகவே வருடக்கணக்காக ஆட்கள் வரைபடம் போட்டு, ஏ.ஐ. ஓட்டும் துணை வண்டி, ஆட்டக்களத்தில் நிறுவும் லாஞ்சர் என்று யோசனைகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2025இல்தான் ஐரிஸ்-டி, புக்-எம்3 போன்ற, பல வண்டிகள் சேர்ந்து இயங்கும் ஏவுகணை அமைப்புகள் உள்ளே வந்தன. பள்ளம் எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கணிக்க முடியாமல் போனது நேரம் மட்டும்தான்.

அடுத்தது ஜோடி. பெரிய பெயர் ஒன்று தனியாக வருவது அபூர்வம். 2022 டிசம்பரில் அபெக்ஸ் பிரிடேட்டர்ஸ் அப்டேட்டில் எஃப்-16உம் மிக்-29உம் ஒன்றாக வந்தன. யூரோஃபைட்டரும் ரஃபேலும் 2024 இறுதியில் ஒரே அப்டேட்டில். 2025 ஜூனில் லெவியதன்ஸ் என்று பெயர் வைத்து யமாடோ, பிஸ்மார்க், அயோவா போர்க்கப்பல்கள் மூன்றையும் ஒரே மூச்சில் இறக்கினார்கள். ஒரு லிஸ்டில் அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு பெரிய ஜெட் இருந்து, எதிரில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

பிறகு, ஏற்கெனவே செய்துவைத்த மாடல். ஒரு எஃப்-16ஐ முப்பரிமாணத்தில் செய்ய மாதங்கள் ஆகும். ஆனால் செய்துவிட்டால் நிறத்தையும் ஆயுதங்களையும் மாற்றி இஸ்ரேல், இத்தாலி, சீனப் பக்கத்தில் தைவான் என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். ஆடுகிறவர்கள் இதை "காப்பி பேஸ்ட்" என்று திட்டுவார்கள். அந்த நாட்டுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால் திட்டுகிறவர்களிடமும் பெரும்பாலும் பதில் இருக்காது. ஒரு நாட்டின் ட்ரீக்குள் இன்னொரு நாட்டின் வண்டிகளை வைக்கும் சப் ட்ரீ ஏற்பாடும் இதே கணக்குதான்: ஸ்வீடனுக்குள் பின்லாந்து, பிரிட்டனுக்குள் தென்னாப்பிரிக்கா, இத்தாலிக்குள் ஹங்கேரி, பிரான்சுக்குள் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். ஒரு சப் ட்ரீ அறிவித்துவிட்டால் அடுத்த சில அப்டேட்டுகளுக்கு அந்த நாட்டு ராணுவத்தின் பட்டியலைப் பார்த்தாலே போதும்.

கடைசியாக, காசு. இலவச கேம், பிரீமியம் வண்டிகளில்தான் பிழைப்பு. மேல்மட்டத்தில் ஒரு நாட்டுக்கு நல்ல பிரீமியம் இல்லை என்றால், அந்த இடம் அதிக நாள் காலியாக இருக்காது.

காகித வண்டிகள் வருமா? வராது என்றுதானே சொன்னார்கள்?

காகித வண்டி என்றால் வரைபடத்தோடு நின்றுபோனது, அல்லது மரத்தில் மாதிரி மட்டும் செய்யப்பட்டது. வார் தண்டர் இந்த விஷயத்தில் கறார் என்று பெயர் வாங்கியது 2019இல். பான்தர் 2, 10.5 செ.மீ. பீரங்கி வைத்த டைகர் 2, கோலியன் என்ற வான்பாதுகாப்பு டேங்க் ஆகிய மூன்றையும் ஜெர்மன் ட்ரீயில் மறைத்துவிட்டார்கள். பான்தர் 2க்கு நிஜத்தில் உடல் கட்டப்பட்டது. ஆனால் கேமில் இருந்த கோபுரமும் பீரங்கியும் சேர்ந்த வடிவம் என்றுமே இருந்ததில்லை. மற்ற இரண்டும் நிஜமாக உருவெடுக்கவே இல்லை. முன்பே வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அவை தங்கின. கராஜில் பான்தர் 2 வைத்திருப்பவர் இன்றும் அதை ஒரு குடும்ப நகை மாதிரிதான் காட்டுவார்.

ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஜப்பான் ட்ரீயில் ஹோ-ரி இருக்கிறது. போர் முடியும்வரை முழு வண்டியாக வெளிவராத கனரக டேங்க் வேட்டை வண்டி அது. அதே ஜப்பானுக்கு எஃப்-16ஏஜே என்று ஒன்று கொடுத்தார்கள். ஜப்பான் அந்த விமானத்தை வாங்கவே இல்லை. தயாரிப்பாளர் முன்வைத்த யோசனையோடு நின்றது. லெவியதன்ஸில் வந்த சோவியத்ஸ்கி சோயுஸ் போர்க்கப்பல் 1938இல் கட்டத் தொடங்கிக் கடைசிவரை முடிக்கப்படாதது. இதற்கு நேர்மாறாக, மவுஸ் என்ற ராட்சத டேங்க் நிஜமாகவே கட்டப்பட்டது. அதில் ஒன்று இன்றும் ரஷ்யாவின் குபின்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதையோ ட்ரீயிலிருந்து எடுத்துவிட்டு, எப்போதாவது சில நாட்கள் மட்டும் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான்: ஒரு நாட்டின் ட்ரீ அந்த இடத்தில் நொண்டுகிறது, நிஜ வண்டி எதுவும் கைவசம் இல்லை என்றால் காகிதத்துக்கும் இடம் கிடைக்கும். ஜெர்மனிக்கு நிஜ வண்டிகள் கொட்டிக் கிடந்ததால் அங்கே கறாராக இருக்க முடிந்தது. "காகித வண்டி, வராது" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எந்த நாட்டுக்கு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நவீன டேங்கின் கவசம் ரகசியமாயிற்றே. எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள்?

பாதி ஆதாரம், பாதி ஊகம். இதில் அதிர்ஷ்டவசமாகக் கிடைத்த புதையல் ஸ்வீடனுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்வீடன் புது டேங்க் வாங்க அமெரிக்காவின் எம்1ஏ2, பிரான்சின் லெக்லர்க், ஜெர்மனியின் மேம்படுத்தப்பட்ட லியோபார்ட் 2 மூன்றையும் ஓட்டிப் பார்த்து, 1994இல் லியோபார்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சோதனைகள் பற்றிய விளக்கப்படங்கள் பின்னாளில் வெளியே வந்தன. எந்தக் கோணத்தில் எவ்வளவு பாதுகாப்பு என்று அவற்றில் வரைபடம் உண்டு. கவசம் பற்றிய சண்டை எங்கே நடந்தாலும் பத்தாவது வரியில் யாராவது அந்த ஸ்வீடன் படத்தை ஒட்டுவது இதனால்தான். ரஷ்ய, சீன டேங்குகளுக்கும், ஸ்வீடன் சோதனைக்குப் பிறகு வந்த மாடல்களுக்கும் இப்படி ஒரு புதையல் இல்லை. அங்கே எடை, வடிவம், தயாரிப்பாளர் விளம்பரம் ஆகியவற்றிலிருந்து கணக்குப் போட்டுத்தான் எண் வருகிறது. புது டேங்க் வந்த முதல் வாரமே கவசம் பற்றி ரகளை வெடிப்பதற்கும் அதுதான் காரணம்.

யாரோ ராணுவ ரகசியத்தையே போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்ததே, அது இந்த கேம்தானா?

ஆமாம். ஒருமுறை அல்ல.

2021 ஜூலையில், பிரிட்டனின் சேலஞ்சர் 2 டேங்க் கேமில் தவறாக இருக்கிறது என்று வாதாடிய ஒருவர், அதை நிரூபிக்க ராணுவக் கையேட்டின் பக்கங்களைக் கேமின் அதிகாரப்பூர்வ இணைய விவாதக் களத்திலேயே போட்டார். நிர்வாகிகள் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்டு, அது இன்னும் ரகசியம்தான் என்று தெரிந்ததும் நீக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பிரான்சின் லெக்லர்க். சண்டை கோபுரம் திரும்பும் வேகத்தைப் பற்றி. 2022இல் சீன டேங்க் குண்டு ஒன்றின் விவரம். 2023 ஜனவரியில் எஃப்-16 பற்றிய ஆவணங்கள். அதே ஆண்டில் யூரோஃபைட்டர் கையேட்டின் பகுதிகள். அந்த விமானம் கேமுக்குள் வந்ததோ அடுத்த வருடம்தான். இன்னும் வராத வண்டிக்கே இவ்வளவு ஆவேசம்.

இதில் உளவு எதுவும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு யாரும் செய்யவில்லை. "நான் சொல்வதுதான் சரி" என்பதை முகம் தெரியாத ஒருவரிடம் நிரூபிக்கவேண்டும் என்ற வெறி மட்டும்தான். வம்பு வளர்க்கும் ஊர்த் திண்ணையில் பிறந்த எனக்கு அது புரிகிறது. ஆனால் அதற்காகச் சிறைக்குப் போகும் அளவுக்கா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ரகசியம் என்ற முத்திரை இல்லாவிட்டாலும் சிக்கல் வரும். அமெரிக்க விமானக் கையேடுகள் பல ரகசியம் அல்ல, ஆனால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. இணையத்தில் எங்கோ கிடைக்கிறது என்பதால் நீங்கள் பகிரலாம் என்று ஆகாது. நத்தை இவற்றை ஆதாரமாக ஏற்பதில்லை. போட்டவரின் பதிவை நீக்கிவிடும். ஆக, நீங்கள் ஆசைப்பட்ட திருத்தம் நடப்பதற்கான வழியையும் அந்தப் பதிவே அடைத்துவிடுகிறது.

2023இல் அமெரிக்காவையே உலுக்கிய டிஸ்கார்டு ஆவணக் கசிவையும் பலர் வார் தண்டர் கணக்கில் எழுதுகிறார்கள். அது இந்த கேம் தொடர்பானதே அல்ல. பெயர் கெட்டுப்போனால் இப்படித்தான்.

எஃப்-22, எஃப்-35 எப்போது?

"ஸ்டெல்த் (ரேடாரில் எளிதில் சிக்காத விமானம்) வரவே வராது" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். எஃப்-117 வந்துவிட்டது. ஆனால் அது 1981இல் முதலில் பறந்து 2008இல் ஓய்வுபெற்ற விமானம், ரேடார்கூடக் கிடையாது, வான்சண்டைக்கு ஏவுகணை தூக்குவதில்லை. கேமில் சேர்த்தாலும் பெரிதாக எதுவும் குலையாது. எஃப்-22 அப்படியா? ரேடாரில் அது எவ்வளவு தெரியும் என்பதே அதன் முழு பலம், அந்த எண் வெளியில் இல்லை. எண்ணைக் கற்பனையாகப் போட்டால் ஒரு பக்கம் கொதிக்கும். எதிரே எந்த விமானத்தை ஜோடியாக நிறுத்துவது என்பது அடுத்த தலைவலி. லிஸ்டில் எஃப்-22 பார்த்தால் நான் மீதி லிஸ்டைப் படிப்பதில்லை.

அர்ஜுன் வருமா? இந்தியாவுக்குத் தனி ட்ரீ?

நம் ஆட்கள் அதிகம் கேட்பது இதுதான், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆவடியில் பிறந்த டேங்க்.

இந்திய வண்டிகளுக்கு நத்தை போட்டிருக்கும் பாதை பிரிட்டன் வழியாகப் போகிறது. டி-90எஸ் பீஷ்மா, முன்னால் கண்ணிவெடி அகற்றும் கலப்பையோடு, பிரிட்டன் பக்கம் பிரீமியமாக இருக்கிறது. ரஷ்ய வடிவமைப்பில் ஆவடியில் உரிமம் பெற்றுத் தயாரிக்கும் டேங்க், லண்டன் கொடிக்குக் கீழே. சோவியத் ஆட்டக்காரர்களுக்கு எரிச்சல், பிரிட்டன் ஆட்டக்காரர்களுக்குக் குழப்பம், நமக்குச் சிரிப்பு. ஆனால் அதில் தர்க்கம் உண்டு. சோவியத் ட்ரீயில் டி-90 குடும்பம் ஏற்கெனவே நிறைய. அங்கே இன்னொன்று வந்தால் யாருக்கும் உதவாது. பிரிட்டனுக்கோ மேல்மட்டத்தில் வேறு மாதிரி ஒரு டேங்க் தேவைப்பட்டது. மேலும் ஆவடியில் முன்பு தயாரான விஜயந்தா டேங்கின் மூலமான விக்கர்ஸ் டேங்க் பிரிட்டன் ட்ரீயில்தான் இருக்கிறது. அறுபதுகளில் ஆவடித் தொழிற்சாலை தொடங்கியதே அந்த விஜயந்தாவுக்காக.

தனி ட்ரீ என்பது எனக்குக் கஷ்டமாகவே தெரிகிறது. மேலே அர்ஜுன், டி-90, டி-72 அஜேயா, தேஜஸ் போர்விமானம் என்று நிரப்பிவிடலாம். கீழ்த்தட்டுக்கு என்ன செய்வது? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்திய ராணுவம் ஓட்டியவை ஷெர்மன், ஸ்டூவர்ட், வாலன்டைன் போன்ற அமெரிக்க, பிரிட்டிஷ் வண்டிகள். ட்ரீயின் முதல் மூன்று ரேங்க் (படி) முழுக்க காப்பி பேஸ்டாகத்தான் இருக்கும். இஸ்ரேலை இப்படித்தான், கீழ்த்தட்டு இல்லாமல், நடுவிலிருந்து தொடங்கினார்கள். இந்தியாவுக்கும் அப்படிச் செய்யலாம். ஆனால் சப் ட்ரீ வழி ஏற்கெனவே திறந்திருக்கும்போது அந்தச் சிரமத்தை ஏன் எடுக்கவேண்டும் என்று நத்தை நினைக்கும்.

அர்ஜுனுக்கு வருவோம். திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1974இல். 120 மி.மீ. மரையுள்ள பீரங்கி, குண்டும் உந்துமருந்தும் தனித்தனியாக ஏற்றும் முறை, 1400 குதிரைத்திறன் ஜெர்மன் எஞ்சின், ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன். எடை மார்க் 1இல் 58.5 டன், மார்க் 1ஏவில் 68 டன் அளவுக்கு ஏறியது. மார்க் 1ஏவை 2021 பிப்ரவரியில் சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். மரையுள்ள பீரங்கி, தனித்தனிக் குண்டு என்பதெல்லாம் சேலஞ்சருக்கும் உண்டு. ஆக, பிரிட்டன் ட்ரீயில் அது உறவுக்காரப் பிள்ளை மாதிரி பொருந்தும். கேமில் அதன் பெரிய பலம் சஸ்பென்ஷனும் பீரங்கி ஆடாமல் நிற்பதுமாக இருக்கும் என்பது என் கணிப்பு. சிக்கல் அர்ஜுனின் காஞ்சன் கவசம்: அதன் உள்ளடக்கம் ரகசியம், ஸ்வீடன் சோதனை மாதிரி ஒன்றும் வெளியில் இல்லை. எந்த எண் போட்டாலும் ஒரு கூட்டம் குறைவு என்று கத்தும், இன்னொன்று அதிகம் என்று கத்தும்.

ஆவடியில் வேலை பார்க்கும் மாமா, சித்தப்பா யாருக்காவது இருந்தால், தயவுசெய்து மேலே ராணுவ ரகசியம் பற்றிய கேள்வியை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

தேஜஸ்?

மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும். கோவை சூலூர் பக்கம் இருப்பவர்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருங்கள்.

நாமே ஒரு வண்டியைப் பரிந்துரைக்க முடியுமா?

முடியும், அதற்கென்று அதிகாரப்பூர்வமான இடம் இருக்கிறது. "சேருங்கள் ப்ளீஸ்" என்று இரண்டு வரி எழுதினால் நிராகரிப்பார்கள். வண்டியின் வரலாறு, அளவுகள், ஆயுதங்கள், படங்கள், எடுத்த நூல்கள் எல்லாம் வேண்டும். நல்லதாக இருந்தால் வாக்கெடுப்புக்கு விட்டு, பிறகு டெவலப்பர்களுக்கு அனுப்புவார்கள். அனுப்பிவிட்டார்கள் என்பதை "ஏற்றுக்கொண்டார்கள்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோப்பில் ஆயிரம் வண்டிகள் தூங்குகின்றன. இருந்தும் எழுதுவது வீண் அல்ல. தமிழும் இந்தியும் மட்டும் தெரிந்தவர்களைவிட, இந்திய ராணுவத்தின் பழைய வெளியீடுகளைத் தேடிப் படிக்கும் பொறுமை உள்ளவர்கள் இங்கே நமக்குத் தேவை.

"தற்போது திட்டம் இல்லை" என்று நத்தை சொன்னால்?

"தற்போது" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

நீர்மூழ்கிக் கப்பல்?

முட்டாள்கள் தின ஈவண்ட் ஒன்றில் வந்துபோனது. பலருக்கு அது பிடித்தும் இருந்தது. ஏப்ரல் 1 ஈவண்டில் வருவதெல்லாம் விளையாட்டுக்கு என்று ஒதுக்கவும் முடியாது, வாக்குறுதி என்று பிடித்துக்கொள்ளவும் முடியாது.

லீக் லிஸ்டை நம்பி இப்போதே பிரீமியம் வாங்கலாமா? காத்திருக்கலாமா?

லீக்கை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். முன்பதிவு பேக் என்றால், டெவ் சர்வரில் ஒருவர் ஓட்டிக் காட்டும்வரை பொறுங்கள். நவம்பர் 1ஐ ஒட்டி ஆண்டுவிழா விற்பனை வரும். பழைய பேக்குகள் பல பாதி விலைக்குக் கிடைக்கும். ஆகவே செப்டம்பரில் முழு விலை கொடுத்துப் பழைய பேக் வாங்குவதுபோல எரிச்சல் வேறு இல்லை. ஈவண்ட் வண்டிகளின் கூப்பனைச் சந்தையில் வாங்கி வைத்து, விலை ஏறும் என்று உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அதே வண்டி மீண்டும் வருகிறது என்று ஒரு வதந்தி வந்தாலே அந்த விலை விழும். வதந்தியைக் கிளப்பியவரே வாங்கிக்கொண்டிருக்கலாம் என்பதையும் யோசியுங்கள்.

காசு செலவழிக்காமல் தயாராக வேண்டுமென்றால்: உங்களுக்கு வேண்டிய நாட்டின் அந்த வரிசையில், கடைசி வண்டி வரை ஆராய்ச்சியை முடித்துவையுங்கள். புது வண்டி வழக்கமாக அதற்கு அடுத்துதான் வந்து உட்காரும். கேமின் பணமான சில்வர் லயன்ஸைச் சேர்த்துவையுங்கள், ஏனென்றால் வண்டியும் ஆட்களுக்கான பயிற்சியும் சேர்ந்து நினைத்ததைவிட அதிகம் கேட்கும். அப்டேட் வந்த முதல் நாள் சர்வர் திணறும். அன்று மாலை ஆட உட்காராதீர்கள், மறுநாள் காலை வாருங்கள்.